முதல் சம்பளம் யாருடையது?



படிப்பு முடிந்தது. பட்டம் கைக்கு வந்தது. பல இடங்களில் ஏறி இறங்கி, ஒருவழியாக ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. அல்ஹம்து லில்லாஹ்! இதுவரை வாப்பாவிடம் நீட்டிய உங்கள் கை, இனிக் கொடுக்கும் கையாக மாறுகிறது. இது அல்லாஹ் தஆலா உங்களுக்குச் செய்த பேருபகாரம். ஆனால், அவன் ஒரு நிஃமத்தை வழங்கும்போது அதனுடன் ஒரு சோதனையையும் சேர்த்தே வழங்குகிறான் என்பதை மறந்துவிடக் கூடாது. இல்லாத காலத்தில் பொறுமையாக இருந்த எத்தனையோ பேர், கையில் நாலு காசு வந்ததும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

கியாமத் நாளில் மனிதன் தன் இடத்தைவிட்டு நகருமுன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எச்சரித்துள்ளார்கள். திர்மிதியில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸின் கருத்துப்படி, ஆயுளைப் பற்றி ஒரு கேள்வி. வாலிபத்தைப் பற்றி ஒரு கேள்வி. கற்ற கல்வியைப் பற்றி ஒரு கேள்வி. ஆனால் பொருளைப் பற்றி மட்டும் இரண்டு கேள்விகள்! எப்படிச் சம்பாதித்தாய்? எதில் செலவிட்டாய்?

நம்மில் பலர் முதல் கேள்விக்குப் பயப்படுகிறார்கள். திருடவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, உழைத்துத்தான் சம்பாதிக்கிறேன் என்று திருப்தி அடைகிறார்கள். இரண்டாவது கேள்வி வரும்போது, "என் சம்பளம், என் இஷ்டம்" என்கிறார்கள். அது உண்மையில் உங்கள் இஷ்டந்தானா? அந்த முதல் சம்பளம் யாருடையது? இதைத்தான் இம்மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு வாலிபரின் வரலாற்றைச் சொல்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். வாப்பா சிறு கடை வைத்திருந்தார். மகனுடைய பொறியியல் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல், உம்மாவின் வளையல்களை வங்கியில் அடகு வைத்தார்கள். வட்டி ஹராம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கேட்ட இடங்களில் எல்லாம் கை விரித்த பிறகு, பிள்ளையின் படிப்பு நின்றுவிடுமே என்ற பதற்றத்தில் அதைச் செய்தார்கள். அவர்கள் உள்ளத்தை அல்லாஹ் அறிவான்.

பிள்ளை தேறினார். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. கையில் கிடைப்பது மாதம் 24,000 ரூபாய். முதல் மாதம் நண்பர்களுக்கு விருந்து. இரண்டாம் மாதம் தவணையில் விலையுயர்ந்த செல்போன். நான்காம் மாதம் தவணையில் மோட்டார் சைக்கிள். "எல்லாரிடமும் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை" என்பதுதான் காரணம். ஆறாம் மாதம் கடன் அட்டை ஒன்று தேடி வந்தது. ஊருக்கும் பணம் அனுப்பத்தான் செய்தார். மனம் வந்தால் 3,000, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் வாப்பா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே 10,000 ரூபாய் அனுப்பச் சொன்னார்கள். பட்டதாரி மகனிடம் அந்தப் பத்தாயிரம் இல்லை! அதே வாரத்தில்தான் தங்கை போனில் அழுதுகொண்டே இன்னொரு செய்தியையும் சொன்னாள்: வளையல்களை ஏலம் விடப் போவதாக வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, மகனுக்குத் தெரிந்தால் வருந்துவானே என்று உம்மா அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

அன்று இஷாவுக்குப் பிறகு அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், நான் ஹராமான வழியில் ஒரு காசுகூடச் சம்பாதிக்கவில்லையே, எனக்கு ஏன் இந்த நிலை?" என்று கேட்டார். "தம்பி, முதல் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறாய், இரண்டாவது கேள்விக்கு வைத்திருக்கிறாயா?" என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

சிந்தித்துப் பாருங்கள்! அவர் தங்க வளையல்களின் மேல் உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் ஓட்டினார் என்றுதானே பொருள்? அவர் செல்போன் வாங்கிய அதே மாதத்திலும், விருந்து கொடுத்த அதே இரவிலும் ஊரில் உம்மாவின் பேரில் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு லட்ச ரூபாய் அடகுக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 9 என்று வைத்துக்கொண்டாலும் 9,000 ரூபாய்! மகன் மனம் வைத்திருந்தால் நிறுத்தியிருக்கக் கூடிய வட்டி அது.

ஆகவே வாலிபர்களே, முதல் சம்பளம் வருமுன் உங்கள் வீட்டாரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "என் படிப்புக்காக எங்கே, எவ்வளவு கடன் வாங்கினீர்கள்? எது அடகில் இருக்கிறது? யாருக்குத் திருப்பித் தர வேண்டும்?" அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் ஆயத்துதான் அது!

கடனைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேச நேரிடுகிறது, வாக்களித்தால் மீற நேரிடுகிறது என்ற காரணத்தை எடுத்துரைத்தார்கள் (புகாரி). மூன்று தீனார் கடனை விட்டுச் சென்ற ஒருவருடைய ஜனாஸாவுக்குத் தாங்கள் தொழுவிக்க முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள் என்பதும் புகாரியில் உள்ள செய்திதான்.

கையில் ஒன்றுமில்லாமல் புது ஊருக்கு வந்து பிழைப்பைத் தொடங்கிய ஒரு ஸஹாபியின் வரலாறு உங்களுக்கு நல்ல முன்மாதிரி. ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனாவுக்கு வந்தார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள், அன்ஸாரிகளில் செல்வந்தரான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களுக்கு அவரைச் சகோதரராக்கினார்கள். ஸஅத் அவர்களோ தம் சொத்தில் சரிபாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். புது ஊர், வெறுங்கை, பாதிச் சொத்து தானாக வருகிறது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அப்துர் ரஹ்மான் அவர்கள் அவருக்கு துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தைக்குப் போய் நெய்யும் பாலாடைக்கட்டியும் வியாபாரம் செய்து, அன்றே சிறிது லாபத்துடன் திரும்பினார்கள். சில நாட்களில் ஓர் அன்ஸாரிப் பெண்ணைத் திருமணமும் செய்துகொண்டார்கள். எவ்வளவு மஹர் கொடுத்தீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டபோது, ஒரு பேரீச்சங்கொட்டையின் எடையளவு தங்கம் என்றார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி பெருமானார் பணித்தார்கள்.

இந்த வரலாற்றில் எத்தனை பாடங்கள்! கடனோ இலவசமோ கிடைக்கிறதே என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சிறிய தொழில் என்று வெட்கப்படவில்லை. முதல் லாபத்தை ஆடம்பரத்தில் விடவில்லை. தம் உழைப்பிலிருந்தே மஹர் கொடுத்தார். பிற்காலத்தில் மதீனாவின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவராக விளங்கிய அவருடைய தொடக்கம் நெய்யும் பாலாடைக்கட்டியுந்தான்.

இனிச் சம்பளத்தை எப்படிப் பங்கிடுவது என்று பார்ப்போம். முதலில் சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,60,000 என்று கம்பெனிக்காரர் சொன்னால், மாதம் 30,000 முழுதாகக் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். பி.எஃப். என்று பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பிடிக்கப்படும். வேறு பிடித்தங்களும் இருக்கும். கைக்கு வருவது எதுவோ அதுதான் உங்கள் கணக்கு.

அந்த வாலிபருக்கு நான் எழுதிக்கொடுத்த கணக்கு இதுதான். கைக்கு வந்த 24,000-இல், கடன் தீர்க்க 5,000, வாப்பா, உம்மாவுக்கு 5,000, அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு 10,000, சேமிப்பு 2,500, ஸதகா 500, கைச்செலவு 1,000. சம்பளம் வந்த அன்றே முதல் இரண்டையும் சேமிப்பையும் ஸதகாவையும் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். மிஞ்சினால் அனுப்பலாம், மிஞ்சினால் சேர்க்கலாம் என்று இருப்பவருக்கு ஒருநாளும் மிஞ்சியதில்லை. உங்கள் சம்பளமும் ஊரும் வேறாக இருக்கலாம், தொகையை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

எதைச் செலவிடுவது என்று கேட்டவர்களுக்கு இறைவன் அருளிய பதிலில் (2:215) முதலிடம் யாருக்கு? பெற்றோருக்கு! அடுத்துத்தான் உறவினர், அநாதைகள், ஏழைகள், வழிப்போக்கர். பெற்றோருக்குக் கொடுப்பது நீங்கள் அவர்களுக்குச் செய்யும் தயவு அல்ல. அதை ஸகாத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஏனெனில் தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பது உங்கள் மீதுள்ள கடமை. ஒரு மாதம் 8,000, மறு மாதம் ஒன்றுமில்லை என்று அனுப்புவதைவிட, சிறிய தொகையானாலும் மாதந் தவறாமல் அனுப்புங்கள். கொஞ்சமானாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா?

"நாளைக்கு அல்லாஹ் இருக்கிறான்; சேமிப்பது தவக்குலுக்கு மாற்றமல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். கையிலிருப்பதைச் செலவழித்துவிட்டு இப்படிக் கேட்பது தவக்குல் ஆகாது. பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம்பழத்திலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் (புகாரி). அவர்களைவிட நமக்குத் தவக்குல் அதிகமோ? யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைந்த தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, பஞ்சமான ஏழு ஆண்டுகளில் ஒரு நாட்டையே காப்பாற்றிய வரலாற்றைக் குர்ஆன் (12:47, 48) நமக்கு எதற்காகச் சொல்கிறது? உங்கள் மூன்று மாதச் செலவுக்கு வேண்டிய தொகை சேரும்வரை அந்தச் சேமிப்பில் கை வைக்காதீர்கள். வேலை போனாலும், வீட்டில் நோய் வந்தாலும், வட்டிக்காரன் வாசலில் போய் நிற்காமல் உங்களைக் காப்பது அதுதான். வங்கிக் கணக்கில் வட்டி சேர்ந்தால் அதைச் சொந்தத்துக்கு எடுக்காமல், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளிடம் சேர்த்துவிட வேண்டும் என்பது ஆலிம்கள் பலருடைய தீர்ப்பு.

சேமிப்பு வளர்ந்தால் ஸகாத்தும் வரும். "ஸகாத் பணக்காரர்களுக்குத்தானே?" என்று இருந்துவிடாதீர்கள். ஹனஃபீ மத்ஹபில் ரொக்கத்துக்கு வெள்ளியின் அளவைக் கணக்கில் கொள்வது வழக்கம். அது 52½ தோலா, அதாவது சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பு. மாதச் சம்பளக்காரர்கூட விரைவில் அந்த அளவை எட்டிவிடலாம். சந்திரக் கணக்கில் ஓராண்டு பூர்த்தியானதும் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளின் உரிமை. உங்கள் மத்ஹபின் சட்டத்தை ஊர் ஆலிமிடம் கேட்டு, கணக்குப் பார்க்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் சம்பளத்தைக் குறிவைத்துக் காத்திருக்கும் கண்ணிகளைப் பற்றி எச்சரிக்காவிட்டால் நான் என் கடமையில் தவறியவனாவேன்.

முதலாவது கடன் அட்டை. "குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்பார்கள். 40,000 ரூபாய் பாக்கியில் நூற்றுக்கு ஐந்து வீதம் 2,000 கட்டுகிறீர்கள். மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை என்றால் 1,400 போய்விடும். அந்த வட்டியின் மேல் நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி., 252 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000-இல் கடன் குறைந்தது 348 ரூபாய் மட்டுமே! ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி நூற்றுக்கு 42. பழைய கந்துவட்டிக்காரனைச் சபிக்கிறோம். பளபளக்கும் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறோம்!

இரண்டாவது, "வட்டியில்லாத் தவணை." பெயரைக் கண்டு மயங்காதீர்கள். ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி பல நேரங்களில் தவணையில் கிடைப்பதில்லை. பரிசீலனைக் கட்டணம் என்று வேறு பிடிப்பார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. மார்க்கத்தைப் பேணுபவர் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடலாமா?

மூன்றாவது, செல்போனிலேயே பணத்தைப் பெருக்கலாம் என்ற ஆசை. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று சொல்லப்படும் பங்குச் சந்தைப் பந்தயத்தில் இறங்கிய தனிநபர்களில், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்ததாகச் செபியே 2024 செப்டம்பரில் அறிவித்தது. சூதாட்டத்தை ஹராமாக்கிய ரப்பின் கருணையை இப்போதாவது விளங்குகிறீர்களா?

நான்காவது கண்ணி வெளியில் இல்லை. நம் கண்ணிலேயே இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரரின் கடிகாரத்தைப் பார்க்கும் கண் அது. பொருளில் நமக்கு மேலிருப்பவரைப் பாராமல் கீழிருப்பவரைப் பார்க்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். அப்போதுதான் அல்லாஹ்வின் அருட்கொடையை அற்பமாக எண்ணாமல் இருப்போம். அதற்காகக் கஞ்சத்தனமும் வேண்டாம். வீணடிக்காமலும் இறுக்கிப் பிடிக்காமலும் நடுநிலையாகச் செலவிடுவதே அர்ரஹ்மானின் நல்லடியார்களுடைய பண்பு என்கிறது திருமறை (25:67). நண்பருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுக்க யோசிப்பவரும் நல்லவரல்லர். நண்பர்கள் மெச்ச வேண்டும் என்று கடன் வாங்கி பிரியாணி போடுபவரும் நல்லவரல்லர்.

வேலை கிடைத்ததும் இன்னொரு செய்தி கிளம்பும்: "பையன் கை நிறையச் சம்பாதிக்கிறான், கைக்கூலி எவ்வளவு கேட்கலாம்?" வெட்கம்! நீங்கள் படித்ததற்கும் உழைப்பதற்கும் ஒரு பெண்ணின் வாப்பா ஏன் விலை கொடுக்க வேண்டும்? இன்று அந்தத் தகப்பனார் உங்களுக்காக அடகு வைக்கப்போவது, அன்று உங்கள் உம்மா அடகு வைத்தார்களே, அதே போன்ற வளையல்களைத்தான்! அந்தப் பாவத்திலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. கடன் தீர்ந்த மறுமாதமே, கடனுக்குக் கொடுத்துவந்த அந்த 5,000-ஐ மஹருக்கும் வலீமாவுக்கும் என்று ஒதுக்கத் தொடங்குங்கள். இரண்டே ஆண்டுகளில் 1,20,000 ரூபாய் சேரும். அப்போது நீங்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைப் போல் நிமிர்ந்து நின்று, "என் உழைப்பில் மஹர் கொடுத்தேன்" என்று சொல்லலாம்.

வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பாத்தியம் உங்களுடையது. ஆண்கள் ஈட்டியதில் ஆண்களுக்கும், பெண்கள் ஈட்டியதில் பெண்களுக்கும் பங்குண்டு என்பது குர்ஆனின் தீர்ப்பு (4:32). கணவனோ மாமியாரோ அதை உரிமையாகக் கேட்க முடியாது. மனமுவந்து கொடுத்தால் அது உங்கள் நன்மை. ஆனால் ஸகாத்தும், கடனைப் பற்றிய கேள்வியும், வீண்செலவைப் பற்றிய கேள்வியும் உங்களுக்கும் உண்டு.

அந்த வாலிபர் பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மோட்டார் சைக்கிளை விற்றார். வந்த விலையில் அதன் தவணையையும் அட்டைப் பாக்கியையும் அடைத்தார். பஸ்ஸில் வேலைக்குப் போனார். அவரைப் படிக்க வைத்த தாய்மாமாவிடம் வெட்கத்தை விட்டு நிலைமையைச் சொன்னார். அவர் கொடுத்த கைமாற்றால் வாப்பாவின் சிகிச்சை நடந்தது. நம் ஊர்கள் சிலவற்றில் பைத்துல்மால்கள் நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகின்றன அல்லவா? அப்படி ஒன்றின் மூலம் வங்கிக் கடனை அடைத்து, வளையல்களை ஏலத்திலிருந்து மீட்டு, அந்தப் பைத்துல்மாலிலேயே ஈடாக வைத்தார்கள். அன்றோடு வட்டி நின்றது. மாதம் 5,000 வீதம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அந்தக் கடனும் தீர்ந்தது. வளையல்களைக் கொண்டுபோய் உம்மாவின் கையில் கொடுத்தபோது அவர்கள் அவற்றை அணிந்துகூடப் பார்க்கவில்லையாம். "வட்டி நின்ன அன்னைக்கே எனக்கு நகை வந்துருச்சு வாப்பா" என்று மட்டும் சொன்னார்களாம்.

வாலிபர்களே! உங்கள் முதல் சம்பளம் யாருடையது என்ற கேள்விக்கு இப்போது பதில் விளங்கியிருக்கும். அது அல்லாஹ்வுடையது, உங்களிடம் அமானிதமாக வந்திருக்கிறது. அதில் கடன் கொடுத்தவருக்கு உரிமை இருக்கிறது; பெற்றவர்களுக்கு உரிமை இருக்கிறது; ஏழைக்கு உரிமை இருக்கிறது; நாளை உங்களை நம்பி வரப்போகும் மனைவிக்கும் உரிமை இருக்கிறது; உங்கள் உடலுக்கும் வயிற்றுக்கும்கூட உரிமை இருக்கிறது. அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சுவது சிறிதானாலும் அதில் பரக்கத் இருக்கும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஜ்கை விசாலமாக்கி, கடனிலிருந்தும் வட்டியிலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் அவர்களைக் காத்து, அந்த இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் பாக்கியத்தை அவர்களுக்கும் நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!